ஒன்பதாம் எண்ணின் கழுத்து

மூன்று மணி ஆட்டத்துக்கு இரண்டரைக்கே வந்து மைதானக் கம்பியில் முழங்கையை ஊன்றி நிற்கிறேன், கழுத்துப் பிடித்திருக்கிறது, இன்றைக்கு ஆடப்போவது நான் இல்லை என்று யாராவது இந்தக் கழுத்துக்குச் சொன்னால் நல்லது. விளையாட்டை விட்டுப் பத்து வருடம். ஆனாலும் புல்வெளி ஒன்றின் ஓரத்தில் நின்றால் போதும், அது தன்பாட்டில் இடத்தோளுக்கு மேலால் ஒரு தரம், வலத்தோளுக்கு மேலால் ஒரு தரம் திரும்பி, பின்னால் எவன் நிற்கிறான் என்று பார்க்கிறது. பின்னால் நிற்பது ஒரு பிளம்ஸ் மரம். அது வந்து என் காலைத் தட்டிவிடப் போவதில்லை. ஓகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறு, வெயில் வடிவாக எறிக்கிறது, புல்லை இன்று காலையில்தான் வெட்டியிருக்கிறார்கள், அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு நாற்பத்தாறு வயது என்பது மறந்துபோகும், இருபத்துநாலு வயதுக் கிருபாகரன் உள்ளே எங்கேயோ சப்பாத்துக் கட்டத் தொடங்கிவிடுவான். கிருபாகரன் என்றால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. சட்டையின் முதுகில் முழுப்பெயர் அடிக்க இடம் காணாது என்று கிருபா ஆக்கினார்கள், அறிவிப்பாளர்கள் அதையும் நீட்டிக் க்ரூபா ஆக்கினார்கள். ஆறு வயதில் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பெர்லினுக்கு வந்து இறங்கினவன், பிறகு ஜெர்மன்காரனாகி, இரண்டாம் பிரிவிலும் மூன்றாம் பிரிவிலுமாகப் பதினொரு வருடம், மூன்று கழகம், எழுபத்துநாலு கோல். முதற்பிரிவில் மொத்தம் ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தில் பந்து காலில் பட்டது இரண்டு தரம், அதில் ஒன்று நேரே வெளியே போய்விட்டது. மற்றதைப் பற்றிக் கேளுங்கள், அரை மணித்தியாலம் கதைப்பேன்.

இப்போது நான் ஸ்கவுட். ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்த்து, இவனை எடுக்கலாம், இவன் வேண்டாம் என்று கழகத்துக்குச் சொல்கிற வேலை. நல்ல வேலைதான், ஞாயிற்றுக்கிழமையில் வெயிலில் நிற்கச் சம்பளம் தருகிறார்கள், ஆனால் அந்த வேலை இன்றைக்கு ஆறு மணிக்குப் பிறகு இருக்குமா என்றுதான் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை லோமான் கூப்பிட்டார். கழகத்தில் யாரை எடுப்பது யாரை விடுவது என்பதெல்லாம் அவர் கையில். சத்தம் போடுகிற மனிதர் இல்லை, அதுதான் பயம். “கிருபா, எட்டு வருடத்தில் நீங்கள் எனக்கு ஒன்பது தடுப்பாட்டக்காரர்களைத் தந்திருக்கிறீர்கள், மூன்று கோல் காப்பாளர்களைத் தந்திருக்கிறீர்கள். எல்லாரும் நல்ல ஆட்கள். முன்கள ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை. நீங்களே முன்களத்தில் ஆடினவர். எனக்கு இது விளங்கவில்லை” என்றார். எனக்கு மட்டும் விளங்குகிறதா என்ன. “திங்களோடு ஆள் எடுக்கிற காலம் முடிகிறது. ஞாயிறு ஆறு மணிக்குள் கோல் போடுகிற ஒருவனின் பெயர் வேண்டும். இல்லாவிட்டால் டிசம்பரோடு உங்கள் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வோம்” என்றுவிட்டு, என் மனைவியைச் சுகம் கேட்டார். மனைவி சுகம் என்றேன். வேறு என்ன சொல்ல. நான் முன்கள ஆட்டக்காரர் நாற்பத்தொரு பேரைப் பார்த்திருக்கிறேன், நாற்பத்தொரு பேருக்கும் என் குறிப்புப் புத்தகத்தில் பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குறைகள் என்று ஒரு கட்டம். தடுப்பாட்டக்காரர்களுக்கு அந்தக் கட்டத்தில் பாதிகூட நிரம்பாது. முன்கள ஆட்டக்காரர்களுக்குக் கட்டம் போதாமல் பக்கத்தின் ஓரமெல்லாம் எழுதியிருக்கிறேன். ஒருவனுக்குக் கால் நல்லது, தலை சரியில்லை. ஒருவனுக்குத் தலை நல்லது, பந்து வராவிட்டால் முகத்தைத் தொங்கப் போடுகிறான். ஒருவன் காலுறையை இழுத்து இழுத்து விடுகிறான். காலுறை எல்லாம் ஒரு குறையா என்று அன்றைக்கே யாராவது கேட்டிருக்கலாம்.

ஊதிவிட்டார்கள், ஆட்டம் தொடங்கிவிட்டது. ஆறாம் பிரிவு, பார்க்க வந்தது எழுபது எண்பது சனம் இருக்கும், பாதிப்பேர் பியர்க் கடைப் பக்கம். நான் வந்தது உள்ளூர் அணியின் ஒன்பதாம் எண்ணுக்காக. யானிக் சோபெக், வயது இருபத்துநாலு, கூரை வேயும் வேலை. நானும் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது இருபத்துநாலு, அதைப் பற்றி இப்போது யோசிக்கக் கூடாது. மூன்றாவது ஞாயிறாக இவனைப் பார்க்கிறேன். ஆள் உயரமுமில்லை கட்டையுமில்லை. நிற்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பேருந்துக்கு நிற்கிறவன்போல நிற்கிறான். ஆனால் பந்து காலுக்கு வந்தால் பந்து அங்கேயே இருக்கும், சறுக்காது, சரிவான ஓட்டில் நின்று பழகின கால். எல்லாம் சரி. ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது, மூன்று ஞாயிறாக அந்த ஒன்றில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், இவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஒரு தரம்கூட இல்லை. முன்களத்தில் நிற்கிறவனுக்கு முதுகுப் பக்கம்தான் ஆபத்து, அவனைத் தடுக்கிறவன் முதுகில்தான் நிற்பான், இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாமல் பந்தை வாங்கினால் திரும்புகிற இடத்திலேயே பறிகொடுக்க வேண்டியதுதான். ஆகவே பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நான் பார்த்தேன், பதினொரு வருடம் பார்த்தேன், அதற்குத்தான் இந்தக் கழுத்து. முதல் ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் அவனிடமே கேட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “கூரையில் நின்று பின்னால் திரும்பினால் விழுந்துவிடுவோம்” என்று சொல்லிச் சிரித்தான். அதையும் எழுதிவைத்தேன், பேச்சுக் கொஞ்சம் கூடுதல் என்று. குறைகள் கட்டத்தில்.

எதிர் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் ட்றீசன் நிற்கிறார், சாம்பல் நிறத் தொப்பி, கையில் தண்ணீர்ப் போத்தல். அவரும் ஸ்கவுட், வேறு கழகம், எங்களைவிடப் பணமுள்ள கழகம். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது, கைதட்டக் கூடாது. சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, பிடித்த ஆளிடம் பந்து போகும்போது குறிப்புப் புத்தகத்தைத் திறக்கவே கூடாது. தேத்தண்ணீர் வாங்குகிற இடத்தில் வேறு எவனையாவது பற்றி விசாரிக்க வேண்டும். மற்றவன் மோப்பம் பிடித்துவிட்டால் அன்று பின்னேரமே தொலைபேசி பறக்கும், நாங்கள் மூன்று மாதம் பார்த்த ஆளை அவன் மூன்று நிமிடத்தில் கொண்டுபோய்விடுவான். நான் இதில் கெட்டிக்காரன் என்று எனக்கொரு நினைப்பு. எட்டு வருடமாக மைதான ஓரத்தில் கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன், எதற்கும் அசையமாட்டேன். கையில் பிளம்ஸ் கேக் ஒரு துண்டு, கடையிலிருந்த பெண் பெரிய துண்டாகவே வெட்டித் தந்தாள், அதைச் சுற்றி ஒரு குளவி. நல்ல புளிப்பு. சோபெக் இடுப்பில் கை வைத்தபடி நிற்கிறான். பந்து நடுவில் கிடந்து இழுபடுகிறது. நான் பந்தைப் பார்ப்பதில்லை.

பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கவேண்டும் என்று எனக்குக் காட்டியது எந்தப் பயிற்சியாளரும் இல்லை, தயாளினி. ஊரில் கரவெட்டியிலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு வந்தவள், வந்து மூன்றாம் கிழமை ஆட்டம் பார்க்க வந்தாள். நவம்பர் மாதம், விறைக்கிற குளிர், இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு பொம்மை மாதிரி இருந்தாள். நான் அன்றைக்கு இரண்டு கோல் போட்டேன், பின்னே, புதுப் பெண்சாதி பார்க்க வந்திருக்கிறாள். தலைகால் தெரியாமல் ஓடிவந்து எப்படி என்று கேட்டால், அவள் சொல்கிறாள், “நீங்கள் ஏன் அடிக்கடி பின்னுக்குத் திரும்பித் திரும்பிப் பாத்தனீங்கள்? ஆரும் தெரிஞ்ச ஆக்கள் வந்திருந்தவையோ?” நான் வாயைப் பிளந்தேன். “எண்ணினனான். முப்பத்தெட்டுத் தரம்” என்றாள். மூன்று வருடமாக நான் ஆடுவதைப் பார்த்த பயிற்சியாளருக்கோ பத்திரிகைக்காரருக்கோ தெரியாத என் முழுத் தொழில் இரகசியத்தையும் ஒரு மாலையில் எண்ணி முடித்துவிட்டாள். வென்றது யாரென்று தெரியுமோ என்று கேட்டேன். “அது எனக்கு என்னண்டு தெரியும்? நீங்கள் நல்லா ஓடினீங்கள்” என்றாள். பிறகு எத்தனையோ ஆட்டத்துக்கு வந்தாள், ஒருநாளாவது கோல் எண்ணிக்கை தெரிந்து திரும்பியது கிடையாது. பக்கத்தில் இருக்கிற சனமெல்லாம் பந்து போகும் பக்கம் தலையைத் திருப்ப, இவள் மட்டும் பந்தில்லாத மூலையில் சும்மா நிற்கிற என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், உள்ளுக்குள் குளிரிலும் சூடாகவும் இருக்கும். முழங்காலையும் அவள்தான் கண்டுபிடித்தாள். “இஞ்சாருங்கோ, ரெண்டு கிழமையா நீங்கள் பாஞ்சு இறங்கேக்கை இடக்காலை முதல் ஊண்டுறேல்லை” என்றாள். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மார்ச் மாதம் அந்த முழங்கால் அறுந்தது. விழுந்து கிடந்தபோது வலியைவிட முதலில் வந்த யோசனை, அட, சொன்னாளே, என்பதுதான்.

சனம் சத்தம் போடுகிறது, எதிரணி கோல் போட்டுவிட்டது போலிருக்கிறது, அல்லது போடவில்லை. இந்த மைதானத்தில் எண்ணிக்கைப் பலகை ஒன்று இருக்கிறது, கையால் மாற்றுவது, மாற்றுகிறவர் பியர்க் கடையில் நின்றால் ஆட்டம் முடியும்வரை பூச்சியம் பூச்சியம்தான். சோபெக் இடப்பக்கம் ஓடுகிறான், நிற்கிறான், திரும்பிப் பார்க்கவில்லை. பார், ஒரு தரம் பார், எனக்காக ஒரே ஒரு தரம் பார், நான் ஓமென்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன். பார்க்க மாட்டான். இவன் நாற்பத்திரண்டாவது ஆளாகப் போகிறான். இருபத்தாறாவது ஆளின் பக்கத்தை இப்போதும் நான் திறப்பதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு மழை நாளில் பார்த்தேன், விழுந்தால் எழும்ப நேரமெடுக்கிறான் என்று எழுதி வேண்டாம் என்று அனுப்பினேன், இப்போது முதற்பிரிவில் ஆடுகிறான். ஆடுகிறான் என்ன, கோல் கோலாகப் போடுகிறான். சனிக்கிழமை பின்னேரம் தொலைக்காட்சியில் அவன் போடும்போதெல்லாம் நான் அதிர்ஷ்டம் என்பேன். போன பங்குனியில் தயாளினி கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே, “எத்தினை வருச அதிர்ஷ்டமப்பா?” என்றாள். நான் தொலைக்காட்சியை நிறுத்தினேன். கத்தியை வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னாள், “உங்களுக்கு எல்லாரிலையும் ஒரே குறைதான். அவங்கள் நீங்கள் இல்லை.” வெங்காயத்தால் அவளுக்குக் கண்ணீர், எனக்கு வேறு எதனாலோ. சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு அன்றோடு எனக்குள் மாட்டிக்கொண்டது. பொறாமையா. ஒரு கிழட்டு முன்கள ஆட்டக்காரன் இளம் ஆட்களின் வாசலில் உட்கார்ந்துகொண்டு ஒருவனையும் உள்ளே விடாமல் காவல் காக்கிறானா. என் எழுபத்துநாலு கோலை யாரும் தாண்டிவிடாதபடிக்கு. எழுபத்துநாலு, அது என்ன பெரிய எண்ணா, அந்த இருபத்தாறாவது ஆள் எப்போதோ தாண்டிவிட்டான். வேலை போவதுகூடப் பெரிதில்லை, முன்பு விளையாட்டுப் பொருள் கடையில் இரண்டு வருடம் சப்பாத்து விற்றவன்தான், மறுபடியும் விற்பேன். என் கண் பொய்க் கண் என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது, அதுதான் பயம், அதைத்தான் இந்த மூன்று ஞாயிறும் கேக்கோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

இடைவேளை. கோப்பி வாங்கப் போனால் ட்றீசன் முன்னால் நிற்கிறார். அறுபத்தெட்டு வயது, நல்ல மனிதர், ஆனால் ஒரு வார்த்தையும் நம்பக் கூடாது. “இன்றைக்கு எந்தத் தடுப்பாட்டக்காரன், கிருபா?” என்று கண்ணைச் சிமிட்டுகிறார். மூன்றாம் எண் மோசமில்லை என்கிறேன். மூன்றாம் எண் மகா மோசம், அது அவருக்கும் தெரியும். “எனக்கு ஆட்டம் பார்த்து அலுத்துவிட்டது,” என்று கோப்பியை ஊதுகிறார், “நான் இப்போது உங்கள் முகங்களைத்தான் பார்க்கிறேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் உங்களில் எவனுக்காவது ஒருவனைப் பிடித்தால் எனக்குத் தெரிந்துவிடும். இளம் ஸ்கவுட்டுகள் என்றால் சுலபம். உங்கள் முகம்தான் கஷ்டம், மூடின கடை.” “திறப்பதற்கு ஒன்றும் இல்லை” என்கிறேன். “அதுவும் உண்மைதான்” என்று சிரித்துவிட்டுத் தன் மூலைக்குப் போகிறார். கோப்பி வாயைச் சுட்டுவிட்டது. ஒரு மணித்தியாலம் இருக்கிறது லோமானுக்குச் சொல்ல, இல்லை, இரண்டு மணித்தியாலம், மணி நாலுதானே. என்ன சொல்வேன். பெயர் இல்லை என்பேன். அவர் மறுபடியும் மனைவியைச் சுகம் கேட்பார்.

இரண்டாம் பாதியில் வெயில் மேற்கே சாய்ந்து எல்லாருக்கும் நீளநீளமாக நிழல். சோபெக் இப்போது என் பக்கத்துக் கோலை நோக்கி ஆடுகிறான், இருபது அடி தூரம்தான், மூச்சுக்கூடக் கேட்கிறது. இந்தத் தூரத்தில்தான் என்னுடைய அந்த மற்றப் பந்து வந்தது, முதற்பிரிவில், எண்பத்தெட்டாம் நிமிடம், நான் இடத்தோளுக்கு மேலால் பார்த்தேன், எவனும் இல்லை, வலத்தோளுக்கு மேலால் பார்த்தேன், அங்கேதான் நின்றான், சரியென்று முன்னே திரும்புகிறேன், பந்து வந்து என் காலில் பட்டே விட்டது. நான் கழுத்தைத் திருப்பிய நேரத்தில் அரைச் செக்கன் போய்விட்டது. அரைச் செக்கன் இருந்திருந்தால். விடு, அது இருபது வருடக் கதை. நிமிர்ந்து பார்த்தால் ட்றீசன் அங்கே மூலையில் மைதானத்துக்கு அரை முதுகைக் காட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், வெட்கமே இல்லாத மனிதர், முகத்தில் படித்துக்கொண்டிருக்கிறார், பின்னால் ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை என் முகத்தைப் பார்த்தே அறியப்பார்க்கிறார், பின்னால், முகத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்துப் பின்னால். பொறு. ஒரு நிமிடம் பொறு. சோபெக் எங்கே பார்க்கிறான். பின்னால் பார்க்கவில்லை என்று மூன்று ஞாயிறாக எழுதினேனே, முன்னால் எதைப் பார்க்கிறான் என்று ஒரு தரமாவது எழுதினேனா. பந்தையும் பார்க்கவில்லை இவன். தன் அணியின் ஆறாம் எண்காரனைப் பார்க்கிறான், நடுவில் நின்று பந்து கொடுக்கிற அந்தச் செம்பட்டைத் தலைக்காரனை, அவனுடைய காலையல்ல, முகத்தை. அந்த ஆறாம் எண்காரன் நிற்பது சோபெக்குக்கு நேரெதிரே, அவனுக்குச் சோபெக்கின் முதுகும் தெரியும், முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிறவனும் தெரியும், தடுக்கிறவன் இடப்பக்கம் வந்தால் அவன் கண் இடப்பக்கம் ஓடும், வலப்பக்கம் வந்தால் வலப்பக்கம். இவன் அந்தக் கண்ணைப் படிக்கிறான். கூரையில் திரும்பினால் விழுந்துவிடுவோம். திரும்பாமல் எதிரே ஏணியில் நிற்கிறவனின் முகத்தைப் பார்த்தால் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். சொன்னானே, முதல் ஞாயிறே சொன்னானே, நான் பேச்சுக் கூடுதல் என்று எழுதினேனே, மடையா, கிருபாகரா, மடச் சாம்பிராணி.

பதினொரு வருடம், ஒரு ஆட்டத்துக்கு முப்பத்தெட்டுத் தரம், ஒவ்வொரு தரமும் அரைச் செக்கன், இதற்கு இப்படியொரு வழி இருந்ததென்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே. வயிறு எரிய வேண்டும், நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் எனக்கு வயிறு எரிய வேண்டும். எரியவில்லை. எங்கே எரிகிறதா என்று தேடித்தான் பார்க்கிறேன், ஒன்றுமில்லை, சந்தோசமாக இருக்கிறது, சின்ன வயதில் முதன்முதல் சைக்கிளைப் பிடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தபோது வந்த சந்தோசம். ஆறாம் எண்காரனிடம் பந்து போகிறது. அவன் தலையைத் தூக்குகிறான், அவன் கண் ஒரு சிமிட்டு நேரம் இடப்பக்கம் போகிறது, நான் பார்க்கிறேன், எனக்குத் தெரிந்துவிட்டது, தடுக்கிறவன் இடப்பக்கம், அப்படியானால் வலப்பக்கம், வலப்பக்கம் திரும்பு, பந்து வருகிறது, சோபெக் அசையவில்லை, இடுப்பிலிருந்த கை மட்டும் இறங்குகிறது, பந்து காலில் பட முதலே தோள் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது, தடுக்கிறவன் வெறுங்காற்றை உதைக்கிறான், “போடா! போ, போ, போ, ஐயோ போடா ராசா!” யார் இது கத்துவது, நான்தான் கத்துகிறேன், தமிழில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கம்பிக்கரையோடு ஓடுகிறேன், அறுந்து தைத்த முழங்காலோடு துள்ளுகிறேன், மிச்சக் கேக் பறந்து யாரோ ஒருவரின் தோளில் விழுகிறது, குளவி அதன் பின்னால் போகிறது. சோபெக் உதைத்துவிட்டான். உதைத்த பிறகு அவன் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறான் என்று பார்த்தேன். இடக்கால். நல்ல கால், அறாத கால், கடவுளே அது அறாமல் இருக்கட்டும். சனம் பெரிய சத்தம் போடுகிறது, அது எதற்கான சத்தமோ, எனக்குக் கண்ணுக்குள் தண்ணீர், சிரிப்பும் வருகிறது, ட்றீசனின் கை சட்டைப்பைக்குள் போவது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. தொலைபேசி. எட்டு வருடமாக மூடிவைத்த கடையை ஒரே நிமிடத்தில் பந்தல் போட்டுத் திறந்துவிட்டேன், அவர் படித்துவிட்டார்.

பிளம்ஸ் மரத்துக்குப் பின்னால் ஓடிப்போய் லோமானை அழைக்கிறேன். அவசரத்தில் ஒருதரம் பிழையான பெயரை அழுத்தி, வெட்டி, மறுபடியும். எடுத்துவிட்டார். “சோபெக்” என்கிறேன், “யானிக் சோபெக், இருபத்துநாலு, இப்போதே அவன் கழகத்துக்கு அழையுங்கள், இப்போதே, ட்றீசன் கையில் தொலைபேசி.” “பொறுங்கள், முன்களமா?” “முன்களம்.” “கோல் போட்டானா?” “பார்க்கவில்லை.” “என்ன?” “உதைத்தான், அதுவரை பார்த்தேன். பந்து எங்கே போனதென்று பார்க்கவில்லை.” பிறகு எனக்குப் பழக்கமான அந்தக் கேள்வி, எட்டு வருடமாக ஒவ்வொரு பெயருக்கும் கேட்கிற கேள்வி, “சரி, குறை?” புத்தகத்தை விரிக்கிறேன், நாற்பத்திரண்டாவது ஆளின் பக்கம், பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை, பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை, பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை, மூன்று ஞாயிற்றுக்கும் மூன்று வரி. “என்னைப் போல விளையாடத் தெரியாது” என்கிறேன். லோமான் சிரிக்கிறார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. “கடைசியாக ஒரு நல்ல செய்தி” என்கிறார், “இதோ அழைக்கிறேன்.” வைத்துவிட்டார். நான் மரத்தில் சாய்ந்து நின்று, பழுத்து விழுந்த பழம் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கடிக்கிறேன். ஏழு நிமிடம் கழித்து ஒரு செய்தி வருகிறது, அவன் கழகம் சம்மதம், யாராவது கேட்டால் போவேன் என்று அவன் அவர்களிடம் முன்பே சொல்லிவைத்திருக்கிறானாம், நாளைக் காலை கையெழுத்துப் போட வருவான், கூரை முதலாளிக்கு அவனே சொல்வானாம். இரண்டு தரம் வாசிக்கிறேன். ஏழு நிமிடத்தில். ட்றீசன் என்ன செய்துகொண்டிருந்தார்.

அவரே வருகிறார், புல்லின் மேலால், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரிப்பு காது வரைக்கும். ஆட்டம் முடிந்துவிட்டது போலிருக்கிறது, ஆட்கள் கை குலுக்குகிறார்கள். “மன்னிக்க வேண்டும், கிருபா,” என்று என் தோளில் கை வைக்கிறார், உண்மையாகவே கொஞ்சம் இரக்கப்படுகிறார், “இந்தத் தரம் முந்திவிட்டேன். நீங்கள் அப்படித் துள்ளினால் நான் என்ன செய்ய, எட்டு வருடத்தில் முதல்தரம். எங்கள் கழகத்துக்குச் சொல்லிவிட்டேன், ஆறாம் எண், அந்தச் செம்பட்டைத் தலை. என்ன ஒரு பந்து கொடுத்தான்!” நான் அவரைப் பார்க்கிறேன். என் முகத்தில் என்ன இருக்கிறதோ தெரியாது, அவர் கொஞ்ச நேரம் அதைப் படித்துப் பார்க்கிறார், படிக்கப் படிக்க அவர் சிரிப்புக் குறைகிறது. “ஆறாம் எண்தானே?” “நல்ல ஆட்டக்காரன்” என்கிறேன், பொய்யில்லை, கண்ணாலேயே பந்து கொடுக்கிறவன், “சந்தோசமாக எடுங்கள்.” “கிருபா, நீங்கள் முன்கள ஆட்டக்காரரை எடுப்பதில்லையே” என்கிறார், இனிப்பைப் பறிகொடுத்த குழந்தைப்பிள்ளை மாதிரி. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருக்கிறது, கட்டியும் பிடித்துவிட்டேன், அவருடைய தண்ணீர்ப் போத்தல் என் விலாவில் குத்துகிறது. சட்டைப்பைக்குள் தொலைபேசி அடிக்கிறது. தயாளினி. சோறு ஆறுகிறதாம், கத்தரிக்காய்க் குழம்பாம், எப்ப வருவீங்களாம். குரலைக் கேட்டவுடனேயே ஏதோ விளங்கிவிட்டது அவளுக்கு, “என்னப்பா, ஓடினனீங்களே? மூச்சு வாங்குது” என்கிறாள். “கொஞ்சம்” என்கிறேன். “முழங்கால்?” “நல்லா இருக்கு.” “வேலை?” “இருக்கு, வேலையும் இருக்கு.” கரண்டியை எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்கிறது, பிறகு, இத்தனை வருடத்தில் நான் கேட்டு அவளுக்குப் பதில் தெரியாத கேள்வியை அவள் என்னிடம் கேட்கிறாள், “அப்ப வென்றது ஆர்?” பலகையைப் பார்க்கிறேன், பூச்சியம் பூச்சியம். ட்றீசனைப் பார்க்கிறேன், அவர் கையை விரிக்கிறார், அவருக்கும் தெரியாது. அங்கே தூரத்தில் சோபெக் ஒற்றைக் கையால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு, இடுப்பில் மற்றக் கையை வைத்தபடி நிற்கிறான், வெயில் அவன் முகத்தில் நேரே விழுகிறது.

“தெரியாதப்பா” என்கிறேன். “அவன் நல்லா ஓடினவன்.”